சர்க்கரை இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்

(நமது டிரஸ்ட் மண்டபத்தில் மஃரிபு தொழுகைக்குப் பின் நடைபெற்ற குடும்ப நல்வாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)





நான் டாக்டர் அல்ல. மதரஸாவில் ஓதி, பிறகு காலேஜில் வணிகவியல் படித்து, இன்று உங்கள் டிரஸ்டின் கணக்கு நோட்டைக் கையில் வைத்திருப்பவன். ஆனால் அந்தக் கணக்கு நோட்டுதான் இன்று என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது. நம்மிடம் மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களைப் புரட்டிப் பார்க்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் பிரசவம், கண் ஆபரேஷன், எலும்பு முறிவு என்று பலவிதமாக வரும். இப்போது திரும்பத் திரும்ப ஒரே வார்த்தைதான் வருகிறது: டயாலிசிஸ். மனு கொண்டு வருகிறவரிடம், “எத்தனை வருடமாக சுகர் இருக்கிறது?” என்று கேட்டால், “இருபது வருடம் இருக்கும்” என்பார். “கிட்னியில் பிரச்சினை என்று எப்போது தெரிந்தது?” என்று கேட்டால், “போன மாதம்” என்பார்.

இருபது வருடத்துக்கும் போன மாதத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? அதைத்தான் இன்று பேசப்போகிறேன். நமக்குத் தெரிந்த டாக்டர்களிடம் கேட்டு, படித்து, எழுதி வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊராருக்குப் புத்தி சொல்கிறவன் தன் வீட்டில் ஏமாந்ததை மறைக்கக் கூடாது.

என் மூத்த காக்காவை உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். 1998ல் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரை, பிறகு இன்சுலின். 2007ல் கண்ணில் ரத்தக் கசிவு என்று லேசர் வைத்தார்கள். காலையும் இரவும் சேர்த்து 44 யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். 2011ஆம் வருடக் கடைசியில் ஒரு மாற்றம் வந்தது. சர்க்கரை தானாக இறங்க ஆரம்பித்தது. இரண்டு முறை விடியற்காலையில் வேர்த்து, நடுங்கி, மதினி சீனித்தண்ணீர் கொடுத்து எழுப்பினார்கள். ஊசியை 30 ஆக்கினார், 20 ஆக்கினார், கடைசியில் 14 யூனிட்டில் நின்றது. காக்காவுக்கு ஒரே மகிழ்ச்சி. “தம்பி, வெந்தயமும் நடைப்பயிற்சியும் வேலை செய்துவிட்டது. இன்னும் ஆறு மாதத்தில் ஊசியே வேண்டாம் பார்” என்றார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். மதினி நேர்ச்சை வைத்து ஏழைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள்.

2012ல் ஒரு வலீமா முடிந்து வந்த இரவு, படுக்க முடியாமல் மூச்சுத் திணறியது. கால் இரண்டும் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “இன்சுலின் தேவை சமீபத்தில் குறைந்ததா?” நாங்கள் பெருமையாக ஆமாம் என்றோம். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. “சர்க்கரை நோய் குறையவில்லை. கிட்னி வேலை செய்யாததால் இன்சுலின் உடம்பிலேயே தங்கிவிட்டது” என்றார்.

அதற்குப் பிறகு நான்கு வருடம், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஏறக்குறைய நானூறு தடவை அந்தக் கட்டிலில் படுத்தார். 2016ல் மவுத்தானார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்குவானாக. ஆமீன்.

கிட்னி என்ன செய்கிறது?

தாய்மார்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தேங்காய்ப்பால் பிழிகிறீர்கள். துருவலைத் துணியில் போட்டுப் பிழிந்தால் பால் இறங்கும், சக்கை துணியில் நிற்கும். கிட்னியும் அப்படியொரு வடிகட்டும் இடம்தான். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மிக மெல்லிய ரத்தக்குழாய்களால் ஆன ஒரு சிறு முடிச்சு. டாக்டர்கள் அதை குளோமெருலஸ் என்கிறார்கள். இவை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். நம் வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேனில் ஒன்பது கேன்! அதில் தேவையானதையெல்லாம் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியேற்றுகிறது.

இந்த வடிகட்டிக்கு மூன்று அடுக்கு இருக்கிறது. உள்ளே துளைகள் உள்ள ரத்தக்குழாய்ச் சுவர். நடுவில் ஒரு சவ்வு. வெளியே, விரல்களைக் கோத்துப் பிடித்தது போல சுற்றி நிற்கும் காவல் செல்கள். யூரியா போன்ற கழிவும், தண்ணீரும், உப்பும் இதன் வழியாகப் போய்விடும். ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் போகாது. அது உருவத்தில் பெரியது. அதோடு அல்புமினிலும் அந்த வடிகட்டியிலும் ஒரே வகை மின்தன்மை இருப்பதால், காந்தத்தின் ஒரே முனைகள் போல ஒன்றையொன்று தள்ளும். தப்பித் தவறிக் கொஞ்சம் நழுவினாலும், அடுத்திருக்கும் குழாய்கள் அதைப் பிடித்து உள்ளே எடுத்துக்கொள்ளும்.

அல்புமின் ஏன் போகக் கூடாது? ரத்தக்குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதுதான். அது அதிகமாகக் குறைந்தால் தண்ணீர் குழாயை விட்டுக் கசிந்து காலிலும் முகத்திலும் தேங்கும். வீக்கம் என்கிறோமே, அது.

ஆனால் எல்லாப் புரதமும் தங்க வேண்டியதில்லை. இன்சுலினும் ஒரு புரதம்தான், மிகச் சிறியது. அது வேலை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். குறிப்பாக ஊசியாகப் போடும் இன்சுலினை உடைத்து அப்புறப்படுத்துவதில் கிட்னிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நல்ல கிட்னி, தங்க வேண்டிய அல்புமினைத் தங்க வைக்கும். போக வேண்டிய இன்சுலினைப் போகச் செய்யும். சர்க்கரை நோயில் கிட்னி கெடும்போது இந்த நீதி தலைகீழாகிறது. முதலில், தங்க வேண்டிய அல்புமின் ஒழுக ஆரம்பிக்கிறது. பல வருடம் கழித்து, போக வேண்டிய இன்சுலின் தங்க ஆரம்பிக்கிறது. என் காக்காவுக்கு நாங்கள் கண்டுபிடித்தது இரண்டாவதை. அதையும் நல்ல சகுனம் என்று தவறாகப் படித்தோம். முதலாவது நடந்துகொண்டிருந்த அத்தனை வருடமும் நாங்கள் பார்க்கவே இல்லை.

சர்க்கரை எப்படி வடிகட்டியைக் கெடுக்கிறது?

ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது அது வடிகட்டியிலும் கூடுதலாக இறங்குகிறது. கிட்னிக் குழாய்கள் அதை வீணாக்கக் கூடாதென்று திரும்ப உறிஞ்சுகின்றன. சர்க்கரையோடு சேர்த்து உப்பையும் உறிஞ்சிக்கொள்கின்றன. குழாயின் அடுத்த முனையில் உப்பின் அளவைப் பார்க்கும் ஒரு காவல் இருக்கிறது. அங்கே உப்பு குறைவாக வருவதைப் பார்த்து, “வடிகட்டுவது போதவில்லை போலும்” என்று அது தவறாக எடுத்துக்கொள்கிறது. உடனே ரத்தம் உள்ளே வரும் வாசலை அகலமாகத் திறந்து விடுகிறது. வெளியே போகும் வாசலோ குறுகியே இருக்கிறது.

கல்யாண மண்டபத்தில் முன்வாசலை இரண்டு கதவும் திறந்து வைத்து, பின்வாசலில் ஒற்றைக் கதவை மட்டும் திறந்தால் உள்ளே என்ன நெரிசலாகும்? அந்த நெரிசல்தான் வடிகட்டிக்குள். தேங்காய்த் துணியை முறுக்கி முறுக்கிப் பிழிந்தால் ஒரு கட்டத்தில் துணி நைந்து சக்கையும் சேர்ந்து இறங்குமல்லவா? அதுபோல வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கி, நடுச்சவ்வு தடித்துச் சீர்கெடுகிறது. காவல் செல்கள் பிடி விட்டு உதிர்கின்றன. உதிர்ந்த காவல் செல்லுக்குப் பதிலாகப் புதிது முளைப்பது மிக அரிது. ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தால் கெடுதல் இரட்டிப்பு.

கவனியுங்கள். இந்த ஆரம்பக் கட்டத்தில் கிட்னி வழக்கத்தைவிட அதிகமாக வடிகட்டுகிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால் நார்மல். வலி இல்லை, எரிச்சல் இல்லை, சிறுநீர் நன்றாகப் போகிறது. “எனக்கு யூரின் நல்லாப் போகுது, கிட்னிக்கு ஒன்றுமில்லை” என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்! தண்ணீர் போகிறதா என்பது கேள்வியல்ல. தண்ணீரோடு என்ன போகிறது என்பதே கேள்வி.

கரண்டியும் மெழுகுவர்த்தியும்

சிறுநீரில் புரதம் போவதைப் பார்க்கும் வழி புதிதல்ல. லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்த ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர், உடம்பு வீங்கி வரும் நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் காட்டுவார். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் உறைவது போல அது வெண்மையாகத் திரியும். அல்புமின் என்ற பெயரே முட்டை வெள்ளைக்கருவின் பெயரிலிருந்து வந்ததுதான். வீக்கம், சிறுநீரில் புரதம், கெட்டுப்போன கிட்னி ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை அவர் 1827ல் எழுதி வெளியிட்டார்.

ஆனால் கரண்டியில் உறைகிற அளவுக்குப் புரதம் போகும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். அதே கைஸ் ஆஸ்பத்திரியில் 1963ல் ஹாரி கீன் என்ற டாக்டரும் அவருடைய சகாவும் மிக நுண்ணிய அளவு அல்புமினையும் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1982ல் அங்கிருந்தே வந்த இன்னோர் ஆய்வு, இப்படி நுண்ணிய அளவில் அல்புமின் ஒழுகும் சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் பிற்காலத்தில் கிட்னி நோய் முற்றுகிறது என்று காட்டியது. அதாவது ஆபத்து வருவதற்குப் பல வருடம் முன்பே எச்சரிக்கை மணி அடிக்கிறது. கேட்பதற்குக் காது வேண்டும்.

அந்தக் காதுதான் யூரின் ஏ.சி.ஆர். என்ற டெஸ்ட். சிறுநீரில் உள்ள அல்புமினையும் கிரியாட்டினினையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. சில லேப்களில் மைக்ரோ அல்புமின் என்பார்கள். சாப்பிடாமல் போக வேண்டியதில்லை, ஊசி இல்லை. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் கொஞ்சம் போதும். செலவு சில நூறு ரூபாய்.

முடிவை இப்படிப் படியுங்கள். 30க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை இருந்தால் ஒழுக்கு ஆரம்பித்துவிட்டது என்று பொருள். 300க்கு மேல் என்றால் ஒழுக்கு பெரிதாகிவிட்டது. ஒரு முறை கூடுதலாக வந்தவுடன் பயந்துவிடாதீர்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி, பெண்களுக்கு மாதவிலக்கு, இவற்றாலும் கூடலாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி எடுத்து, மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால்தான் உறுதி செய்வார்கள்.

சாதாரண யூரின் டெஸ்டில் “அல்புமின் நில்” என்று வந்ததைக் காட்டிச் சிலர் ஆறுதல் அடைகிறார்கள். அந்தக் குச்சியை நனைத்துப் பார்க்கும் சோதனைக்கு இந்த ஆரம்ப ஒழுக்கு பெரும்பாலும் அகப்படாது. என் காக்காவின் பழைய ஃபைலை அவர் மவுத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். வருடா வருடம் “நில்”, “நில்”, பிறகு ஒரு வருடம் “டிரேஸ்”, அடுத்த வருடம் இரண்டு பிளஸ். கிரியாட்டினின் நெடுநாள் நார்மல். கிட்னியின் திறன் பாதியளவு போகும்வரை கிரியாட்டினின் நார்மல் எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த ஃபைலில் ஏ.சி.ஆர். என்ற வார்த்தை ஓர் இடத்திலும் இல்லை. கண்ணில் லேசர் வைத்த 2007லாவது நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கண்ணின் நுண்ணிய ரத்தக்குழாயைக் கெடுத்த சர்க்கரை, கிட்னியின் நுண்ணிய ரத்தக்குழாயை மட்டும் விட்டுவைக்குமா?

கண்டுபிடித்தால் என்ன செய்ய முடியும்?

“தெரிந்து என்ன ஆகப்போகிறது? விதி” என்று சிலர் கேட்கிறார்கள். மருந்து தேடுவதும் விதியில் உள்ளதுதான். இந்த நோயில், தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலாவது சர்க்கரைக் கட்டுப்பாடு. இரண்டாவது ரத்த அழுத்தம். கிட்னியில் ஒழுக்கு உள்ளவர்களுக்கு 130க்கு 80க்குள் வைக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒரு வகை, நான் சொன்ன அந்தப் பின்வாசலைத் திறந்துவிடுகிறது. நெரிசல் குறைகிறது, ஒழுக்கு குறைகிறது. கேப்டோப்ரில் என்ற மருந்தைக் கொண்டு 1993ல் வந்த ஆய்விலும், லோசார்ட்டான், இர்பிசார்ட்டான் மருந்துகளைக் கொண்டு 2001ல் வந்த ஆய்வுகளிலும் கிட்னி கெடும் வேகம் குறைந்தது நிரூபணமானது. “எனக்கு பிரஷர் கொஞ்சம்தானே, ஏன் இந்த மாத்திரை?” என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் அதைக் கிட்னிக்காகக் கொடுத்திருக்கலாம். கேட்காமல் நிறுத்தாதீர்கள். கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள சகோதரிகள் டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இந்த வகை மாத்திரை கூடாது.

நான்காவது, சர்க்கரையை உறிஞ்சும் கிட்னிக் குழாயின் வேலையைத் தடுத்து, அதைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள். டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர்களில் கிடைப்பவை. இவை முன்வாசலின் அகலத்தைக் குறைக்கின்றன. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தைக் கொண்டு 2019ல் வந்த ஆய்வில், கிட்னி முற்றாகச் செயலிழப்பது போன்ற பெரிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. ஒரு காலத்தில் விலை அதிகம். நம் நாட்டில் டாப்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020லும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025லும் முடிந்ததால் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. எல்லாருக்கும் பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நீங்கள் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

நம் ஊரில் சுற்றும் தவறான பேச்சுகள்

“சுகர் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்.” இது நம் தெருக்களில் சுற்றும் மிகப் பெரிய தவறு. மாத்திரை சாப்பிட்டவருக்குக் கிட்னி கெட்டது உண்மை. மெட்ஃபார்மின் மாத்திரை அதைக் கெடுக்கவில்லை, சர்க்கரை கெடுத்தது. கிட்னி மிகவும் கெட்ட பிறகு அந்த மாத்திரையைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு “பார்த்தாயா, மாத்திரையால்தான்” என்கிறோம். நெருப்பணைக்க வந்தவர் வெளியேறுவதைப் பார்த்து அவர்தான் நெருப்பு வைத்தார் என்பது போன்ற பேச்சு இது. உண்மையில் கிட்னிக்கு ஆகாத மாத்திரை, மூட்டு வலிக்கு நாமே கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் போன்றவை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளும், முறையாகச் செய்யப்படாத பஸ்பங்களும் அப்படியே.

“புரதம் வீணாகப் போகிறது, எனவே முட்டையும் கறியும் கூட்டிச் சாப்பிட வேண்டும்.” இதுவும் தவறு. ஓட்டைப் பானையில் தண்ணீரை அதிகம் ஊற்றினால் ஓட்டை அடையாது. புரதம் கூடினால் வடிகட்டிக்கு வேலையும் கூடுகிறது. கிட்னி பாதித்து, டயாலிசிஸுக்குப் போகாதவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். அடியோடு நிறுத்தவும் கூடாது, தசை கரைந்துவிடும். டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும்.

“நுரை வரவில்லை, கால் வீங்கவில்லை.” நுரையும் வீக்கமும் பெரிய ஒழுக்கின் அடையாளங்கள். அதுவரை காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

“சுகர் தானாகக் குறைந்துவிட்டது.” பல வருடச் சர்க்கரை நோயாளிக்கு, காரணமில்லாமல் ஊசியும் மாத்திரையும் தேவைப்படாமல் போனால் நேர்ச்சைச் சோறு ஆக்குவதற்கு முன்னால் ரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் ஏ.சி.ஆரும் எடுங்கள். இதை நான் மனவேதனையோடு சொல்கிறேன்.

சாப்பாடும் நோன்பும்

உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடைச் சிப்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். விருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. பிரியாணிக்குப் பக்கத்தில் ஊறுகாயும், முடிவில் இரண்டு கிண்ணம் பிர்னியும் கட்டாயமில்லை என்கிறேன். விருந்து கொடுப்பவர்கள் “இன்னும் கொஞ்சம் வையுங்கள்” என்று சர்க்கரை நோயாளியை வற்புறுத்துவது உபசரிப்பு ஆகாது.

ரமளானைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. கிட்னி பாதித்த சர்க்கரை நோயாளி நோன்புக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, நோற்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ, 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டல். கிட்னி கெட்டவருக்கு இன்சுலின் உடம்பில் தங்குவதால், சாப்பிடாத நேரத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். வீம்புக்கு நோற்று மயங்கி விழுவது வணக்கமல்ல. என்றும் நோற்க முடியாதவர்களுக்கு ஃபித்யா இருக்கிறது. நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கும் சர்க்கரை இருக்கிறது. காக்கா மவுத்தாகி இரண்டு வருடம்வரை நான் ஏ.சி.ஆர். எடுக்கவில்லை. பயம். டெஸ்ட் எடுக்காவிட்டால் நோய் இல்லை என்பது போன்ற ஓர் அறியாமை. 2018ல் என் மகள்தான் பாட்டிலைக் கையில் கொடுத்து, “வாப்பா, பெரியவாப்பாவுக்குச் செய்த தப்பை நமக்கும் செய்யாதீங்க” என்றாள். எடுத்தேன். 186. மறுபடி எடுத்தபோதும் அதற்குப் பக்கத்தில்தான். மருந்து, உப்புக் குறைப்பு, நடை. போன மாதம் 62. முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கிட்னி இன்று எனக்காக வேலை செய்கிறது. என் காக்காவைவிட நான் அறிவாளி அல்ல. மகள் சொல்லி, அந்த டெஸ்டை நேரத்தோடு எடுத்தேன், அவ்வளவுதான்.

டிரஸ்டின் பொறுப்பிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். டயாலிசிஸ் உதவியை நாம் நிறுத்தப்போவதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு வழியிருக்கிறது. கார்டு எடுக்காதவர்களுக்கு ஆபீஸில் உதவி செய்கிறோம். ஆனால் ஒருவரின் ஒரு மாத டயாலிசிஸுக்கு ஆகும் போக்குவரத்து, மருந்து, ஊசிச் செலவில் எத்தனையோ பேருக்கு ஏ.சி.ஆர். எடுத்துவிடலாம். உங்கள் ஸதகா, தடுக்க முடிந்ததைத் தடுப்பதிலும் செலவாக வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. எனவே இந்த மாதம் முதல் நம் கிளினிக்கில், சர்க்கரை உள்ள எவருக்கும் வருடத்துக்கு ஒரு முறை இந்த டெஸ்டை டிரஸ்ட் செலவில் எடுப்போம்.

சர்க்கரை தெரிந்த அன்றே முதல் டெஸ்ட், பிறகு வருடம் ஒன்று. சிறு வயதிலேயே இன்சுலினில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஐந்து வருடம் கழித்து ஆரம்பித்தால் போதும்.

மாடியில் இருக்கும் தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுக்க நினைவூட்டுவீர்கள், உங்களுக்கு எடுக்க மாட்டீர்கள். யூரின் பாட்டிலை ஆண்கள் இருக்கும் லேபில் நீட்டக் கூச்சப்பட்டே பல சகோதரிகள் போகாமல் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனால் மாடியிலேயே பெண் உதவியாளர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். பெயர் எழுதிய பாட்டிலை இப்போதே வாங்கிக்கொண்டு போங்கள். காலையில் கொண்டுவந்து அவரிடமே கொடுங்கள். முடிவும் அவர் கையால் உங்கள் கையில்தான் வரும்.

சபுராளிகள் இருக்கும் வீட்டார், இன்று இரவு போனில் பேசும்போது, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டதோடு, “ஏ.சி.ஆர். எடுத்தீங்களா?” என்றும் கேளுங்கள். வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, சர்க்கரையையும் மறைத்துக்கொண்டு உழைப்பவர்கள் அவர்கள்.

நம் உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒழுகுகிற வீட்டுக் கூரையை மழைக்கு முன்னால் பார்க்கிறவர்கள் நாம். இந்த ஒழுக்கையும் நேரத்தோடு பார்த்துவிடுவோம்.

நோயில் இருப்பவர்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்கு மறுமையில் நல்ல இடத்தைத் தருவானாக. ஆமீன்.

பாட்டில்கள் வாசலில் இருக்கின்றன. வெறுங்கையோடு யாரும் போக வேண்டாம்.